வாசலைப் பார்த்த அம்பு

தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். ராத்திரி ஊறப்போட்ட மொச்சை ரெண்டு விரலுக்கு நடுவில் ஒரு அழுத்துக்கு வழுக்கிக்கொண்டு போய் ஏனத்தில் விழுந்தது, தோல் பச்சையம்மாவின் கையிலேயே நின்றது, அதை முறத்தில் உதறிவிட்டு அடுத்ததை எடுத்தாள். மார்கழி முடிவதற்குள் ரெண்டு தடவையாவது பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காவிட்டால் மாமியாருக்கு வருஷம் கழிந்த மாதிரியே இருக்காது. சந்தைக்குப் போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள், நான் வர்றதுக்குள்ள பிதுக்கி வெச்சிரு, தேங்கா வந்து அரைச்சுக்கலாம் என்று. பச்சையம்மா தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளுக்குச் சிரமமே கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்தால் வெளிச்சத்துக்கு வெளிச்சம், உள்ளே தூளியில் கிடக்கிற மகள் தன்ஷிகா சிணுங்கினாலும் காதில் விழும். இன்றைக்கு அதோடு இன்னொன்றும் காதில் விழ வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அணைத் தண்ணியில் முங்கின ரோட்டில் இருந்து மேலேறி வருகிற சைக்கிள் சத்தம். கையில் இருந்த பருப்பு நசுங்கியது. நசுங்கினால் குழம்பில் கரைந்துபோகும், மாமியார் கரண்டியைத் தூக்கிப் பார்ப்பாள், என்னா இது கூழா என்பாள். மெதுவா அழுத்து. சைக்கிளில் வந்த அந்தப் பொம்பளை இறங்கிப் போய் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் ரெண்டு பாட்டு முடிந்துவிட்டது. மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணி வரைக்கும் இறக்கம்தான், சைக்கிளில் அரைப் பாட்டு நேரம்கூட ஆகாது. தண்ணியைப் பார்த்ததும் புத்தியுள்ள யாரும் திரும்பிவிடுவார்கள். ஏறி வர ஒரு பாட்டு. தள்ளிக்கொண்டே வந்தாலும் ஒன்றரைப் பாட்டு. வந்திருக்க வேண்டும். இன்னொன்றை எடுத்தாள், அழுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரங்க வருவாங்க என்று மாதேஷ் முந்தாநாளே சொல்லியிருந்தான். அவள் புருஷன் அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவன், டவுனில் இருந்து யார் வந்தாலும் அவன் காதுக்கு வந்துவிடும். ‘தொண்ணூறு கிலோமீட்டராம் பச்சே. டவுன்ல கெளம்பி, கணவா ஏறி, கோட்டையூரு, நம்மூரு, அரையமங்கலம், அப்பறம் அணைக்கட்டு மேலயே போயி சுத்திக்கினு மறுபடியும் டவுனுக்கேதான். கெளம்புன எடத்துக்கே வந்து சேர்றதுக்குக் காசு கட்டிட்டு மிதிக்கிறானுங்க பாத்துக்க.’ அவன் சிரித்தான், இவளும் சிரித்தாள். ஏழு மணிக்கே வர ஆரம்பித்தார்கள். பனி விலகவில்லை. கணவாய் ஏறி வந்த மூச்சு ஒவ்வொருத்தர் வாயிலும் புகைந்தது, தொடையெல்லாம் நடுங்கியது, ஒருத்தன் எதிர்வீட்டு வேலியோரம் வாந்திகூட எடுத்துவிட்டு மறுபடியும் ஏறிக்கொண்டான். யாரும் துரத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை, எதற்கு இப்படி என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. ஒவ்வொருத்தனும் இவள் வீட்டு மூலையில் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியைப் பார்த்து, இடதுபக்கம் அரையமங்கலம் ரோட்டில் திரும்பினான். பெட்டி வழி சொல்லும் போலிருக்கிறது. பெட்டி இல்லாதவன் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துத் திரும்பினான். நாற்பது பேர் இருக்கும். அப்புறம் ரொம்ப நேரம் யாரும் இல்லை. கடைசியாகத் தனியாக வந்ததுதான் அந்தப் பொம்பளை. மஞ்சள் சட்டை, முதுகில் ஊக்குக் குத்தின நம்பர் துணி, தலையில் மாட்டியிருந்ததற்கு வெளியே காதோரம் கொஞ்சம் நரை. அவளிடம் பெட்டியும் இல்லை, முன்னால் முதுகும் இல்லை. ஒரு காலை ஊன்றி நின்று ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் பச்சையம்மாவின் கோலம்தான் இருந்தது, நடுவில் சாணத்தில் செருகின பூசணிப்பூவோடு. ‘எவ்ளோ பெரிசா போட்டிருக்கீங்க’ என்றாள் அந்தப் பொம்பளை. தூளி ஆடுவதை எட்டிப் பார்த்து, ‘பாப்பாவா? எனக்கும் வீட்ல ஒண்ணு இருக்குங்க, நாலு வயசு. நீ எழுந்திருக்கிறதுக்குள்ள வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்தேன். இங்கயே எட்டு மணி ஆயிடுச்சு’ என்று சிரித்தாள். சட்டையின் முதுகுப்பக்கப் பையில் இருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்துக் காட்டினாள். ‘இந்த மாதிரி ஒரு அம்புக்குறி இங்க ரோட்ல போட்டிருப்பாங்க. பாத்தீங்களா?’ வெள்ளை அம்பு. நடுவயிற்றில் சிவப்புப் பொட்டு. அதேதான். எதிர்வீட்டு வாசலில் இந்திராணி தன் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா இல்லை என்று தலையாட்டினாள். ‘அப்ப நேராத்தான். குறி இல்லாத எடத்துல எல்லாம் நேராப் போகணும்னு சொல்லியிருக்காங்க. நேராப் போனா அணைதானேங்க?’ ஆமாம் என்று தலையாட்டினாள். அதில் பொய் இல்லை. நேராகப் போனால் அணைதான். அணைத் தண்ணிதான். அந்தப் பொம்பளை காலை எடுத்து வைத்தாள், மிதிக்காமலே சைக்கிள் இறங்கியது, பின்சக்கரத்தில் வண்டு பறக்கிற மாதிரி ஒரு கிர்ர்ர், மஞ்சள் சட்டை பனிக்குள் போனது, கிர்ர்ர் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

அம்பை அழித்தது அவள்தான். இந்தக் கையால்தான், இப்போது மொச்சை பிதுக்குகிற இதே கையால்தான். கோழி கூப்பிடுகிற நேரத்துக்குச் சாணி தெளிக்க வந்தவள் டார்ச்சைத் தரையில் அடித்தபோது ரோட்டில் அது கிடந்தது. வெள்ளைப் பொடியில் ஒரு நீளக் கோடு, கோட்டு நுனியில் ரெண்டு சிறகு, நடுவில் கெட்டியாகச் சிவப்புப் பொடி. நுனி அவள் வீட்டு வாசற்படியை நேராகப் பார்த்தது. வீடு இருப்பது மூலையில், ரோடு திரும்புவது வீட்டை ஒட்டி, ரோட்டுக்குச் சொன்னது வீட்டுக்குச் சொன்ன மாதிரி இருந்தது. இது இப்போது புரிகிறது. இப்போது எல்லாம் புரிகிறது. அப்போது புரிந்தது வேறு. அரையமங்கலம் போகிற வழியில் பழைய கோட்டைவாசலுக்கு வெளியே வேடியப்பன் கல் இருக்கிறது. எந்த ராஜா காலத்திலோ ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், வில்லைப் பிடித்தபடியே நிற்பான், நெஞ்சில் ஒரு அம்பு, தொடையில் ஒரு அம்பு. கல்லுக்குத் தலைமாட்டில் எழுத்து வெட்டியிருக்கும், யாராலும் படிக்க முடியாத எழுத்து. ரோட்டில் கிடந்த அம்புக்குப் பக்கத்திலும் எழுத்து இருந்தது. இங்கிலீஷ். அஞ்சாங்கிளாஸ் முடித்து ஆறில் பாதியில் நின்றவளுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும், அவளுக்கு அந்த எழுத்தும் ஒன்றுதான் கல்லெழுத்தும் ஒன்றுதான். வியாழக்கிழமையில் இருந்து தன்ஷிகாவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக மாத்திரைத் தண்ணி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. யாரோ சூனியம் வெச்சுட்டாங்க. என் பிள்ளைக்கு வெச்சுட்டாங்க. ரெண்டு வாளி சாணித்தண்ணி கரைத்து ஊற்றி, கட்டைத் துடைப்பத்தால் ரோட்டின் தாரே பெயர்ந்துவிடும்போலத் தேய்த்தாள். மாமியாரைக்கூட எழுப்பவில்லை. மேலே பதினேழு புள்ளி வைத்தாள், சாதாரணமாக ஏழுக்கு மேல் வைக்க மாட்டாள், அந்த அம்பு கிடந்த இடம் முழுக்க மறைகிற மாதிரி இழுத்து இழுத்துப் போட்டாள். உள்ளே போய்ப் பிள்ளை நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. அதுதான் கொடுமை. அழித்ததும் இறங்கியது. அப்படியென்றால் அது வழி காட்டுகிற அம்புக்குறி என்று எப்படித் தோன்றும்? நாற்பது பேர் மூலையில் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் தோன்றவில்லையே. காகிதத்தை விரித்துக் காட்டின பிறகுதான் தோன்றியது, தோன்றினவுடனேயே தலை இல்லை என்று ஆடிவிட்டது. தலைக்குத் தனியாக ஒரு மனசு இருக்கிறது.

யாரோ என்று நினைத்தது பொய். யாரோ இல்லை, இந்திராணி என்றுதான் நினைத்தாள். வாளியில் சாணி கரைக்கும்போதே அந்தப் பேர்தான் வாயில் இருந்தது, வெளியே வராத வாயில். இந்திராணி ஓரகத்தி, மாதேஷின் அண்ணன் பொண்டாட்டி. கல்யாணம் ஆகி வந்த புதிதில் பச்சையம்மாவுக்குத் தலை பின்னிவிட்டதும் அவள்தான், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்ததும் அவள்தான். பிள்ளைக்கு மொட்டை போட்ட அன்றைக்கு எல்லோருக்கும் நடுவில் தூக்கி வைத்துக்கொண்டு, ‘யப்பா என்னா கனம், அரிசி மூட்டையாட்டம் வளத்து வெச்சிருக்கியேடி’ என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்கு வயிற்றோட்டம். மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டாள், நெடி வரவில்லை, ‘அவ வாயிதான், அவ கண்ணுதான், பெரியவ கண்ணு பட்டா பச்சை மரம் பத்திக்கும்’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். மாதேஷ் அண்ணனிடம் போய்க் கேட்டான். அண்ணன் சட்டையைப் பிடித்தான். நாலு மாசமாக இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் பேச்சில்லை. அதில் பச்சையம்மா என்ன பேசினாள்? ஒன்றும் பேசவில்லை. இந்திராணி வாசலில் நின்று, ‘ஏம்மா பச்சே, நீ சொல்லு, நானா உன் புள்ளைக்குக் கண்ணு வெப்பேன்?’ என்று கேட்டாள். மாமியார் பக்கத்தில் நின்றாள். பச்சையம்மா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தது ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாது. இந்திராணிக்குத் தெரிந்தது. ஆறாங்கிளாஸில் வாத்தியார் மேஜைமேல் இருந்த பேனா காணாமல் போனபோதும் இப்படித்தான், நீயா எடுத்த என்று கேட்டார், இவள் எடுக்கவில்லை, தலை குனிந்தது, கையில் தழும்பு வருகிற மாதிரி அடித்தார், அடுத்த வாரம் பேனா அவர் வீட்டிலேயே கிடைத்தது, அதற்குள் இவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் கேட்டார்கள், சம்மதமா என்று. அது நல்லதாகத்தான் முடிந்தது, மாதேஷ் நல்லவன், ஆனால் அதற்கும் தலைதான் பதில் சொன்னது, அவள் சொல்லவில்லை. நாலாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது. முறத்தில் தோல் சேர்ந்துவிட்டது, ஏனத்தில் பருப்பு அடி மறைந்துவிட்டது, அந்தப் பொம்பளை வரவில்லை.

போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன. அரை மைல். தூளியில் பிள்ளை. தூக்கிக்கொண்டு ஓடினால் பனி, மறுபடியும் காய்ச்சல். விட்டுவிட்டு ஓடினால் பன்றி உள்ளே வரும், போன மாசம் கோவிந்தன் வீட்டுத் தூளி வரைக்கும் வந்ததாம். பக்கத்து வீடு பூட்டு. ஆம்பிளைகள் அணையில், பரிசலில். அந்த ரோடு இருக்கிறதே, அது ரோடே இல்லை. அணை கட்டினபோது பழைய ஊர் முங்கிப்போனது, ரோட்டை எடுக்க யாரும் இல்லை, அது பாட்டுக்கு இறங்கி இறங்கிப் போய் ஒரு வளைவு திரும்பினதும் தண்ணிக்குள் போகிறது. சித்திரையில் தண்ணி வற்றினால் ரோடு நீளும், மைல்கல்கூடத் தெரியும். மார்கழியில் வளைவிலேயே தண்ணி நிற்கும். தார்மேல் பாசி, நடந்து போனாலே வழுக்கும். போன வருஷம் டவுன்காரர்கள் ஜீப் ஒன்று முன்சக்கரம் முங்க நின்றது, அதற்குப் பிறகு அணை ஆபீஸில் இருந்து வந்து ‘பாதை இல்லை’ என்று தகரப் பலகை நட்டார்கள், ஆடிக்காற்றில் அது சாய்ந்தது, மாமியார் தூக்கிவந்து கோழிக்கூண்டுக்குக் கதவாக்கினாள். அதற்கும் பச்சையம்மாதான் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். பனியில் தண்ணி தண்ணி மாதிரி தெரியாது. ரோடு இன்னும் போகிற மாதிரிதான் தெரியும். இறக்கத்தில் வருகிற சைக்கிள் நிற்காது, அது அவளுக்குத் தெரியும். பத்து வயதில் அப்பா சைக்கிளை எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஏரிக்கரையில் ஓட்டிப் பழகினாள். ஒரு நாள் கரை இறக்கத்தில் விட்டுவிட்டாள். பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு, யாரிடமோ பேசிக்கொண்டு. அப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பிடித்திருப்பார். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அவரைத் தாண்டிப் போய் வேலிக்காத்தான் முள்ளில் விழுந்தாள். ‘ஏண்டி, கத்தறதுக்கு என்னா?’ என்று முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார். அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை. கூடப் படித்தவர்கள் பதினொன்றாங்கிளாஸில் கவர்மென்ட் சைக்கிள் வாங்கி வந்து காட்டினார்கள், இவள் மணியை மட்டும் ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். அந்தப் பொம்பளை நரைத்த பிறகும் மிதிக்கிறாள். நாலு வயசுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கும் இந்நேரம், அம்மா எங்கே என்று கேட்டிருக்கும், வந்துருவா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பாசியில் சக்கரம் சறுக்கி வளைவோரத்துப் பாலக்கட்டையில் தலை மோதினால். நீச்சல் தெரியாமல் இருந்தால். அந்தச் செருப்பு சைக்கிளோடு மாட்டிக்கொள்கிற செருப்பாமே, மாதேஷ் சொன்னான், காலைத் திருகினால்தான் கழன்று வருமாம், தண்ணிக்குள் விழுந்தவளுக்குத் திருகத் தோன்றுமா. நாலாவது பாட்டு முடிந்து ஸ்பீக்கர் ஒரு இழு இழுத்துவிட்டு நின்றது. நின்ற பிறகு கீழே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் அவளை எழுப்பியது, சத்தம் இல்லாதது.

எதிர்வீட்டில் வண்டி இருந்தது. டிவிஎஸ் வண்டி, இந்திராணி பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோகிற வண்டி. ஊரிலேயே இந்த நேரத்துக்கு ஓட்டத் தெரிந்த ஆளோடு நிற்கிற வண்டி அது ஒன்றுதான். பத்தடி ரோடு. கோலத்தை மிதித்துக்கொண்டு நடந்தாள். கையில் மொச்சைத் தண்ணி சொட்டியது. கூப்பிட்டாள், காற்றுதான் வந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். ‘யக்கா.’ இந்திராணி மகள் தலையில் இருந்து கையை எடுக்காமலே நிமிர்ந்தாள். நாலு மாசத்துக்குப் பிறகு அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறாள், மூக்குத்தி மாறியிருக்கிறது. ‘அடியாத்தி, சாமிக்கு வாய் வந்துருச்சா? உன் மாமியாக்காரி பாத்தா உப்பு மொளகா போடுவாளே, என் மூச்சு பட்டுடுச்சுன்னு’ என்றாள் இந்திராணி. மகள் சிரித்தாள். ‘நீ சும்மா இருடி’ என்று மகள் தலையில் ஒரு தட்டு. ‘என்னா வோணும்?’ பச்சையம்மா, ‘அந்த சைக்கிள்காரப் பொம்பள’ என்றாள். ‘எந்தப் பொம்பள?’ ‘மஞ்ச சட்டை. முங்குன ரோட்ல போயிட்டாக்கா. இன்னும் வரல.’ ‘போனத நானும்தான் பாத்தேன். உன்னியத்தான கேட்டா? நீதான மாடு மாதிரி தலையாட்டுன? தண்ணி பாக்கத்தான் போறான்னு நெனச்சேன்.’ ‘இல்லக்கா. அவங்க இப்பிடி அரையமங்கலம் போவணும். ரோட்ல அம்பு போட்டு வெச்சிருந்தாங்க. நான் அழிச்சுட்டேன்.’ ‘அழிச்சியா? எதுக்கு?’ பச்சையம்மா தலையைக் குனிந்தாள். இந்திராணி அவளைப் பார்த்தாள், ரோட்டில் கிடந்த பதினேழு புள்ளிக் கோலத்தைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நொடிதான் இருக்கும். எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். ‘எத்தினி நேரம் ஆவுது?’ ‘நாலு பாட்டு.’ ‘நாலு பாட்டா! அறிவிருக்காடி உனக்கு? மொதப் பாட்டுல வந்து சொல்றதுக்கு என்னா, நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுருவேன்?’ பால் கேனைக் கழற்றிக் கீழே உருட்டினாள், வண்டியை மிதித்தாள், அது ரெண்டு மிதிக்கு இருமி மூன்றாவதில் பிடித்தது. ‘எதுக்கு அழிச்சேன்னு வந்து கேக்கறேன்’ என்று சொல்லிக்கொண்டே இறக்கத்தில் போய்விட்டாள். புகையும் பனியும் ஒன்றானது.

வந்து உட்கார்ந்து மறுபடியும் மொச்சையை எடுத்தாள். வேறு என்ன செய்ய. கை பாட்டுக்கு அழுத்தியது, பருப்பு பாட்டுக்கு விழுந்தது, சில பருப்பு ஏனத்துக்கு வெளியே விழுந்து படியில் உருண்டது, எடுக்கவில்லை. எதிரே இந்திராணியின் மகள் அவிழ்த்த தலையோடு இவளையே பார்த்துக்கொண்டு நின்றது. வண்டிச் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது, வளைவில் தேய்ந்தது, நின்றது. நின்றது என்றால் வளைவுக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். நின்றது என்றால் எதையோ பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். ஒன்றும் இல்லாவிட்டால் நிற்காமல் திரும்பியிருப்பாள். இல்லை, ஒன்றும் இல்லாவிட்டாலும் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். தண்ணிமேல் சைக்கிள் மிதக்காது, இரும்பு, மஞ்சள் சட்டைதான் தெரியும். மாதேஷ் வலையில் ஒரு தடவை அப்படி ஒன்று வந்தது, மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவனுக்கு, கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். வேண்டாம். வேடியப்பா, வேண்டாம். நல்லபடியா இருந்தா ஒரு படி பொங்கல் வைக்கிறேன். வைக்கிறேன் என்று வேண்டிக்கொள்கிற வாய்க்கு அன்றைக்கு அந்தப் பொம்பளையிடம் ‘இப்பிடித் திரும்புங்க’ என்று ரெண்டு வார்த்தை சொல்ல என்ன கேடு. அன்றைக்கா, இன்றைக்குத்தானே, கொஞ்சம் முந்தித்தானே, அதற்குள் அது எப்போதோ நடந்த மாதிரி ஆகிவிட்டது. இந்திராணி வந்து கேட்பாள். எதுக்கு அழிச்சே. தெரியாமக் கழுவிட்டேங்க்கா, இருட்டுல கண்ணு தெரியல, இது போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வாசல் தெளிக்கிறவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டா தெளிப்பாள். இந்திராணி நம்புவாள். நம்ப மாட்டாள். பதினேழு புள்ளியைப் பார்த்தாளே, அந்தப் பார்வையிலேயே தெரிந்துகொண்டாளோ என்னவோ. தெரிந்தும்தான் வண்டியை மிதித்தாளா? தெரிந்தவள் எப்படிப் போவாள்? நானாக இருந்தால் போயிருப்பேனா, என்னைச் சூனியக்காரி என்று நினைத்தவள் வந்து நின்றால், போயிருப்பேனா. தூளி அசைந்தது, தன்ஷிகா கண்ணைத் திறந்து மேலே கட்டின கயிற்றைப் பார்த்தது, அழவில்லை, நெற்றி குளிர்ச்சியாகத்தான் இருந்தது. காய்ச்சல் தானாக இறங்கினதுதான். மூன்று நாள் மாத்திரைத் தண்ணிக்கு இறங்கினதுதான். அதை ஒத்துக்கொள்வதற்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. ஒத்துக்கொண்டால் நாலு மாசத்தையும் சேர்த்து ஒத்துக்கொள்ள வேண்டும், மொட்டை போட்ட நாளை, வயிற்றோட்டத்தை, அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்ததை, நீ சொல்லு பச்சே என்று கேட்டதற்குக் குனிந்த தலையை. பொய் சொன்னால் இன்றைக்கு ஒரு நாள் கழியும், அப்புறம் தினமும் பத்தடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் பேன் பார்த்துக்கொண்டிருப்பாள், இந்தப் பக்கம் நான் மொச்சை பிதுக்கிக்கொண்டிருப்பேன். சொல்லிவிட வேண்டும். மாமியார் சந்தையில் இருந்து வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, யக்கா, அது வழி காட்டுற அம்புன்னு எனக்குத் தெரியல, அது சரி, அது பாதி, மீதி, யக்கா, அது நீங்க வெச்சதுன்னு நெனச்சேன், அறைவாள், அறையட்டும், என் புள்ளைக்கு நீங்கதான் வெச்சீங்கன்னு, நாலு மாசமா அப்பிடித்தான் நெனச்சுக்கினு, நீங்க ஒண்ணும் பண்ணலன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சும் நான் வாயத் தொறக்காம, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள், உதடு அசைந்தது, எதிரே நின்ற மகள் என்னா சித்தி என்றது, ஒண்ணும் இல்ல என்று தலையாட்டப் போனவள் ஆட்டவில்லை, கழுத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்ட மாதிரி நிறுத்திக்கொண்டாள், வரட்டும், வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து ரோட்டுக்கே போய், இறங்குவதற்கு முன்னாலேயே, யக்கா, நான் எதுக்கு அழிச்சேன்னா

‘பச்சே! ஏய் பச்சே!’ பாதி ரோடு ஓடி ஏறி வந்து இந்திராணி கத்தினாள். ‘உசுரோடதான் கீறாடி, கால்தான் ஒடிஞ்சிருக்கு, குளுருல வெடவெடங்குது, காஞ்ச சேலை ஒண்ணு எடுத்துக்கினு ஓடியா, புள்ளய எம்மவகிட்ட குடுத்துட்டு ஓடியா’